ஜப்பானியரும் துருக்கியரும்: ஒரே தராசில் நிறுத்தலாமா?

வணிக வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "ஜப்பான்காரன் எந்த நாட்டுக்குப் போனாலும் முன்னுக்கு வந்துவிடுவான். துருக்கிக்காரன் ஜெர்மனிக்குப் போய் அறுபது வருஷம் ஆகியும் கூலியாகவும் கபாப் கடைக்காரனாகவுமே இருக்கிறான். எல்லாம் இனத்தின் குணம்" என்பார்கள். வெளிநாடு போய்த் திரும்பிய இளைஞர்களும் இதையே சொல்கிறார்கள். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் இம்மர்மான் வீதியில் உள்ள ஜப்பானியக் கடைகளையும் ஓட்டல்களையும் பார்த்துவிட்டு, அருகிலேயே டூயிஸ்பர்க் நகரில் துருக்கியர் வசிக்கும் மார்க்ஸ்லோ பகுதியையும் பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

நாம் இதை ஏற்கவில்லை. டுசல்டார்ஃபில் இருக்கும் ஜப்பானியர்களில் பெரும்பாலோர் 1950களிலிருந்து ஜப்பானியக் கம்பெனிகள் சம்பளம் கொடுத்து அனுப்பி வைத்த உத்தியோகஸ்தர்களும் அவர்கள் குடும்பத்தினரும். சில ஆண்டுகள் இருப்பார்கள், மாற்றலாகிப் போவார்கள். பிள்ளைகளுக்கென்று 1971 முதல் தனி ஜப்பானியப் பள்ளியே நடக்கிறது. துருக்கியரோ நிலக்கரிச் சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் ஆள் எடுத்துக் கொண்டுவரப்பட்டவர்கள். இந்த இரு தரப்பையும் ஒப்பிடுவது, மிளகையும் மொச்சையையும் ஒரே படியில் அளந்துவிட்டு விலையில் ஏன் இத்தனை வித்தியாசம் என்று கேட்பது போன்றது.

கூலியாகப் போனவரைக் கூலியாகப் போனவரோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஜெர்மனியின் துருக்கியருக்குச் சரியான ஜோடி அமெரிக்காவுக்குப் போன ஜப்பானியர். நம் மளிகை, காய்கறி வியாபாரிகளுக்கு இந்தக் கதையில் தனி அக்கறை பிறக்கவும் காரணம் உண்டு. இரண்டு சமூகமும் மேலே வந்த ஏணி காய்கறிக் கடைதான்.

ஜப்பானியர் 1885 முதல் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அங்கிருந்தும் ஜப்பானிலிருந்து நேரடியாகவும் கலிபோர்னியாவுக்கு வந்தார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்கும் நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணம்தான். பிறகு மனைவிமார் வந்தார்கள். புகைப்படத்தைப் பார்த்தே நிச்சயமாகி, கணவன் முகத்தைத் துறைமுகத்தில்தான் முதன்முதலாகக் கண்ட பெண்கள் ஏராளம். பிள்ளைகள் பிறந்தன. அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தை பிறந்த அன்றே அமெரிக்கக் குடிமகன். இந்த ஒரு சட்டம் பின்னால் எவ்வளவு பெரிய முதலாக ஆயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெற்றோருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. ஜப்பானில் பிறந்தவர் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாது என்று 1922இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அப்படித் தகுதியற்ற அயலார் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று 1913இலேயே கலிபோர்னியா சட்டம் போட்டிருந்தது. 1920இல் குத்தகைக்கும் தடை வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? கைக்குழந்தையின் பெயரில் பத்திரம் பதிந்தார்கள். நல்ல மனமுள்ள வெள்ளைக்காரர் பெயரில் குத்தகை எடுத்தார்கள். உருளைக்கிழங்கு ராஜா என்று பெயரெடுத்த ஜார்ஜ் ஷிமா போன்ற பெரும் விவசாயிகளும் அவர்களிடையே இருந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் சில ஏக்கர் காய்கறியும் ஸ்ட்ராபெர்ரியும் போட்ட சிறு விவசாயிகளே.

முதலுக்கு என்ன வழி? வெள்ளைக்காரர் வங்கி கூலிக்காரனுக்குக் கடன் தராது. ஜப்பானில் 'தானோமோஷி' என்று ஒரு பழக்கம். இருபது பேர் சேருவார்கள், மாதாமாதம் பணம் போடுவார்கள், முறை வைத்தோ ஏலம் விட்டோ ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். நம் ஏலச்சீட்டின் உடன்பிறப்பு என்றே சொல்லிவிடலாம். ஒரே ஊர்ப்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து நடத்துவார்கள். ஏமாற்றினால் ஊரிலுள்ள அப்பன் பெயர் கெடும். அதைவிடப் பெரிய ஜாமீன் ஏது?

இந்தச் சீட்டுப் பணத்தில் அவர்கள் செய்த காரியம்தான் முக்கியம். விளைவிப்பவர் ஜப்பானியர், லாரியில் ஏற்றுபவர் ஜப்பானியர், மொத்த வியாபாரி ஜப்பானியர், கடைசியில் தெருமுனையில் பழக்கடை வைத்திருப்பவரும் ஜப்பானியர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1909இல் எழுந்த ஒன்பதாம் வீதி மொத்தச் சந்தையில் அவர்கள் பங்குதாரர்களாகவே இருந்தார்கள். வயலிலிருந்து கல்லா வரை ஒரே கையில் இருந்தால் இடையில் யாரும் கழுத்தை நெரிக்க முடியாது. மண்டியில் நாற்பத்தைந்து ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் நமக்கு இது ஒன்றும் புதிய பாடமல்ல.

படித்த பிள்ளைகளின் கதி வேறு. பொறியியல் பட்டம் பெற்ற ஜப்பானிய இளைஞரை எந்த அமெரிக்கக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளவில்லை. பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு அப்பாவின் பழக்கடையில் ஆப்பிளைத் துடைத்து அடுக்கினார்கள். படிப்பு, வாங்குவார் இல்லாத சரக்காகத் தேங்கிக் கிடந்தது.

அடுத்து வந்தது 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் தாக்குதல். ஓக்லண்டில் ஒரு மளிகைக் கடைக்காரர், அமெரிக்காவிலேயே பிறந்து பல்கலைக்கழகத்தில் படித்தவர், மறுநாளே "நான் ஓர் அமெரிக்கன்" என்று பெரிய பலகை எழுதிக் கடை வாசலில் மாட்டினார். பலகையைப் புகைப்படம் எடுத்து உலகமே பார்த்தது. கடை மட்டும் மிஞ்சவில்லை. 1942 பிப்ரவரி 19ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட உத்தரவின் பேரில் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தை ஒட்டிய டெர்மினல் தீவின் மீனவக் குடும்பங்களுக்குக் கொடுத்த அவகாசம் 48 மணி நேரம். கடைச்சரக்கும் தட்டுமுட்டும் கேட்ட விலைக்குப் போயின. யோகோஹாமா ஸ்பீஷி வங்கியின் அமெரிக்கக் கிளைகள் மூடப்பட்டு, போட்டவர்களின் பணம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது.

இதில் நம்மைப் போன்றவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சலினாஸ் பகுதியின் காய்கறி விளைவிப்போர், ஏற்றுமதியாளர் சங்கத்தின் பிரதிநிதி அந்த ஆண்டே ஒரு பத்திரிகையிடம், சுயலாபத்துக்காகத்தான் ஜப்பானியரை வெளியேற்ற நினைக்கிறோம் என்று ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொண்டார். தேசபக்தி என்ற சாக்குக்குள் தொழில் போட்டி இருந்தது. ஹவாயில் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானியர். அவர்களை அள்ளிக்கொண்டு போனால் தீவே ஸ்தம்பித்துவிடும். ஆகவே அங்கு அப்படி மொத்தமாக யாரையும் அகற்றவில்லை. அதே யுத்தம், அதே அரசாங்கம். (பர்மாவிலிருந்து நம்மவர்கள் கடையையும் நிலத்தையும் போட்டுவிட்டு நடந்து வந்ததும் இதே 1942தான். அதைப் பாட்டன்மார் வாயால் கேட்ட குடும்பங்கள் நம் சங்கத்திலேயே இருக்கக்கூடும்.)

யுத்தம் முடிந்து முகாமைவிட்டு வெளியே வந்தவர் கையில் அரசாங்கம் கொடுத்தது 25 டாலரும் ஒரு ரயில் டிக்கெட்டும். 1948இல் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. 14 கோடியே 80 லட்சம் டாலர் கேட்டார்கள், ஏறத்தாழ 3 கோடியே 70 லட்சம் கிடைத்தது. 1988இல் மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 20,000 டாலர் தரச் சட்டம் போட்டபோது, கடையை இழந்த முதல் தலைமுறையில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

1885ஐயும் 1945ஐயும் கழித்துப் பாருங்கள். சரியாக அறுபது ஆண்டு. "அறுபது வருஷம் ஆகியும்" என்று துருக்கியரைப் பேசுகிறவர்கள், அறுபதாம் ஆண்டில் கலிபோர்னிய ஜப்பானியர் எங்கே நின்றார்கள் என்பதையும் சேர்த்தல்லவா பேச வேண்டும்?

இனி துருக்கியர். 1961 அக்டோபர் 30ஆம் தேதி மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் செய்தது. இஸ்தான்புல்லில் அலுவலகம் திறந்து, பல்லைப் பார்த்து, ரத்தம் எடுத்துச் சோதித்து, மாட்டுச் சந்தைபோல் ஆள் பொறுக்கினார்கள். ரயில் மியூனிக் நகரத்தின் 11ஆம் பிளாட்பாரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கொலோனின் ஃபோர்டு கார் தொழிற்சாலைக்கும் ரூர் சுரங்கத்துக்கும் பிரித்து அனுப்புவார்கள். இரண்டு ஆண்டில் திரும்ப வேண்டும் என்பது முதல் நிபந்தனை. பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது நஷ்டம் என்று முதலாளிகள் முறையிட்டதால் 1964இல் அது நீங்கியது. அவர்களுக்கு வைத்த பெயர் 'விருந்தாளித் தொழிலாளி'. விருந்தாளியை யாரும் கடை திறக்க விடுவதில்லையே! சொந்தத் தொழில் செய்ய அனுமதி இல்லை என்று வாசச் சீட்டிலேயே முத்திரை குத்தினார்கள். சிலர் ஜெர்மானியர் பெயரில் லைசென்ஸ் எடுத்து நடத்தினார்கள். கலிபோர்னியாவில் வெள்ளைக்காரர் பெயரில் குத்தகை எடுத்தது நினைவுக்கு வருகிறதல்லவா? இறைச்சிக் கடை, ரொட்டிக் கடை வைக்க 'மாஸ்டர்' சான்றிதழ் வேறு வேண்டும். தையல் கடைக்கு அந்த நிபந்தனை 2004இல்தான் நீங்கியது.

சேமிப்பெல்லாம் ஊரில் வீடாகவும் டிராக்டராகவும் போயிற்று. 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடியை ஒட்டி ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். துருக்கியர் போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. ஒருமுறை ஊருக்குப் போனால் மறுபடி நுழைய முடியாது என்றதும் பெண்டாட்டி பிள்ளைகளை இங்கே வரவழைத்துக்கொண்டார்கள். 1983இல் 10,500 மார்க்கும் பிள்ளைக்கு 1,500 மார்க்கும் தருகிறோம், ஊருக்குப் போங்கள் என்று சட்டமே போட்டுப் பார்த்தார்கள்.

அதே காலத்தில் ஜெர்மனியில் இன்னொரு மாற்றம். தெருமுனை மளிகைக் கடையை அங்கே 'எம்மா அத்தை கடை' என்பார்கள், நம் ஊர் அண்ணாச்சி கடை மாதிரி. ஆல்டி போன்ற தொடர்கடைகள் வந்ததும் எம்மா அத்தை ஒவ்வொருவராக ஷட்டரை இறக்கினார். அந்தக் காலி இடங்களில்தான் வேலை இழந்த, அல்லது இழக்கப் போகிறோம் என்று அஞ்சிய துருக்கியர் உள்ளே வந்தார்கள். கத்தரிக்காய், குடைமிளகாய், தர்ப்பூசணி, ஆலிவ், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, கொண்டைக்கடலை. மனைவி கல்லாவில், மகன் விடியற்காலையில் மொத்தச் சந்தையில். ஜெர்மானியர் கைவிட்ட தொழிலை எடுத்து நிமிர்த்தினார்கள் என்று சொன்னால் மிகையில்லை. கொலோனில் 1966இல் தொடங்கிய எகெடுர்க் நிறுவனம் மாட்டிறைச்சித் தொத்திறைச்சிக்கு ஜெர்மனி முழுக்கப் பெயர் பெற்றது. கெமால் ஷாஹின் என்பவர் ஆகன் நகரில் பொறியியல் படித்து, வேலை பார்க்க அனுமதி கிடைக்காமல், 5,000 மார்க் முதலில் சிறு கடை வைத்தார். அது பெரிய துணி நிறுவனமாக வளர்ந்தது.

ஆனால் எல்லோரும் ஷாஹின் ஆகவில்லை. 1990க்குப் பின் பெர்லினில் சலுகையில் ஓடிய ஆலைகள் மூடப்பட்டன. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் துருக்கியரிடையே வேலையின்மை 20 சதவீதத்தைத் தாண்டியது. அதே 1990களில், வட்டி வாங்க மனமில்லாத பக்தர்களிடம் லாபப் பங்கு தருவதாகச் சொல்லித் துருக்கியிலுள்ள சில கம்பெனிகள் ஐரோப்பா முழுக்கப் பணம் திரட்டின. ஆயுள் சேமிப்பைக் கொடுத்த பலருக்குத் துண்டுச் சீட்டுதான் மிச்சம். முகம் தெரிந்தவர் சேர்ந்து நடத்திய தானோமோஷிக்கும் இதற்கும் உள்ள தூரத்தை விளக்கத் தேவையில்லை.

உயிருக்கும் ஆபத்து வந்தது. 2000 முதல் 2006 வரை ஒரு நவநாஜிக் கும்பல் ஜெர்மனியின் பல ஊர்களில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றது. எட்டுப் பேர் துருக்கி வம்சாவளியினர், ஒருவர் கிரேக்கர். பூ வியாபாரி, தையல்காரர், காய்கறிக் கடைக்காரர் இருவர், பெட்டிக்கடைக்காரர் என்று பெரும்பாலும் நம் போன்ற கடைக்காரர்கள். 2004 ஜூனில் கொலோனின் கோய்ப் வீதியில் ஆணி வெடிகுண்டு வெடித்து 22 பேர் காயமடைந்தனர். 2011 நவம்பரில் உண்மை வெளிவரும் வரை போலீசார் செத்தவர்களின் குடும்பத்தையே சந்தேகித்து, போதைப்பொருள் கணக்கு, கொடுக்கல் வாங்கல் தகராறு என்று குடைந்தெடுத்தார்கள். கடை போனதோடு மானமும் போயிற்று.

இப்போது பிள்ளைகள் பக்கம் பார்ப்போம். நம் அபிப்பிராயத்தில் கணக்கு இங்கேதான் பிரிகிறது. யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவில் வேலைக் கதவு திறந்தபோது, குடியுரிமையும் படிப்பும் ஏற்கெனவே கையிலிருந்த ஜப்பானியப் பிள்ளைகள் உள்ளே நுழைந்தார்கள். தேங்கிய சரக்கு ஒரே மூச்சில் விற்றது. 1970 கணக்கெடுப்பில் ஜப்பானியக் குடும்ப வருமானம் அமெரிக்கச் சராசரியைத் தாண்டிவிட்டது. வீட்டில் சம்பாதிப்பவர் அதிகம், வசிப்பதும் சம்பளம் கூடுதலான மாநிலங்கள் என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும். அப்படியும் அது சாதனைதான். ஆனால் பழக்கடைகளும் மொத்தச் சந்தையின் இடங்களும் பழைய அளவுக்குத் திரும்பவேயில்லை. சமூகம் பிழைத்தது, வணிகம் பிழைக்கவில்லை.

ஜெர்மனியில் பிறந்த துருக்கியர் பிள்ளை 2000 ஜனவரி 1 வரை பிறப்பால் ஜெர்மானியர் அல்ல. பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்போடு, பத்து வயதிலேயே, யார் மேற்படிப்புக்கு, யார் தொழிலுக்கு என்று பிரித்துவிடுவார்கள். வீட்டில் ஜெர்மன் பேசாத தொழிலாளி மகன் எந்த வரிசையில் நின்றிருப்பான் என்பது தெரிந்ததே. அப்படியும் கொலோன் ஃபோர்டு தொழிலாளியின் மகன் உகுர் ஷாஹின், மனைவி ஓஸ்லெம் துரெஜியோடு நிறுவிய பயோன்டெக் நிறுவனம் 2020இல் கொரோனா தடுப்பூசியை உருவாக்கி உலகுக்குக் கொடுத்தது.

கடனுக்குச் சரக்குக் கேட்டு ஒரு புதுக் கடைக்காரர் வந்தால் நாம் அவர் சாதியையா பார்க்கிறோம்? கடை யார் பெயரில் இருக்கிறது, வாடகைப் பத்திரம் எத்தனை வருஷத்துக்கு, பின்னால் நிற்பவர் யார் என்றுதான் விசாரிக்கிறோம். இந்த இரு சமூகங்களையும் அதே மாதிரி விசாரித்தால் போதும். ஜப்பானியர் பிள்ளைக்கு முதல் நாளே கிடைத்த சீட்டு, துருக்கியர் பிள்ளைக்கு நாற்பது ஆண்டு தாமதமாகக் கிடைத்தது. வருமானத்தில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்தத் தாமதத்தின் விலை என்பது நம் கருத்து.

2024 ஜூன் 27 முதல் ஜெர்மனியில் புதிய குடியுரிமைச் சட்டம் அமலில் இருக்கிறது. துருக்கிக் குடியுரிமையை விட்டுவிடாமலே ஜெர்மானியர் ஆகலாம். அந்த நாளில் ரயிலேறி வந்து இன்று முதுமையில் இருக்கும் விருந்தாளித் தொழிலாளிகளுக்கு எழுத்துத் தேர்வும் கிடையாது. அன்றாடம் ஜெர்மன் பேசத் தெரிந்தால் போதும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்.