மனநலம் என்பது பணிந்துபோகும் திறன் அன்று

திருவனந்தபுரத்தில் ஒருவரைப் பித்தர் என்று ஏச நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஊளம்பாறை என்று இடத்தின் பெயரைச் சொன்னாலே போதும். 1870-இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் அந்தப் பகுதியின் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. கோழிக்கோட்டுக்குக் குதிரவட்டம், சென்னைக்குக் கீழ்ப்பாக்கம். மனம் கெட்டால் போகும் இடத்துக்கு இத்தனை பெயர்களை வைத்திருக்கும் சமூகம், மனம் நன்றாக இருப்பதை எதைக்கொண்டு அறிவது என்று கேட்டால் தடுமாறுகிறது. ‘அங்கே போகாமல் இருப்பதுதான்’ என்பதே பலர் கையில் இருக்கும் விடை.

ஆய்வுலகம் வைத்திருக்கும் விடை இதைவிட மோசமானது. குறித்த நாளில் அத்தியாயம் தருபவர், நெறியாளரை மறுத்துப் பேசாதவர், உதவித்தொகை வராத மாதங்களிலும் முகம் சுளிக்காதவர், இவர்தான் ‘பக்குவமானவர்’. விடுப்புக் கேட்பவருக்கும் ஏன் என்று கேட்பவருக்கும் ‘ஏதோ பிரச்சினை’ இருக்கிறது. நிருவாகத்தின் வசதிக்காகச் செய்யப்பட்ட அளவுகோலை மனநலத்தின் அளவுகோல் என்று மாணவர் கையில் கொடுக்கிறார்கள். மாணவரும் அதைக்கொண்டே தம்மை அளந்துகொள்கிறார்.

உலக நலவாழ்வு நிறுவனம் நெடுங்காலம் வழங்கிவந்த வரையறை நான்கு கூறுகளைச் சொன்னது: தன் ஆற்றலை உணர்தல், வாழ்வின் இயல்பான அழுத்தங்களை எதிர்கொள்ளுதல், பயன்பட உழைத்தல், சமூகத்துக்குப் பங்களித்தல். ‘இயல்பான’ என்னும் அடைமொழியில்தான் அந்த வரையறையின் உயிர் இருக்கிறது. நலவாழ்வு வாரச் சொற்பொழிவுகளில் முதலில் உதிர்வதும் அதுவே. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது ஐந்து மாதம் வராதபோது விடுதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்குபவரின் கலக்கம் இயல்பான அழுத்தத்தில் அடங்குமா? அந்தக் கலக்கத்துக்கு மூச்சுப்பயிற்சி கற்றுத் தருவது கூரை ஒழுகும் வீட்டில் நீச்சல் கற்றுத் தருவதற்கு ஒப்பாகும்.

1958-இல் நேர்நிலை மனநலம் குறித்து நூல் எழுதிய மரீ யஹோதா, நோயின்மை, பெரும்பான்மையோரைப் போல் இருத்தல், மகிழ்ச்சி ஆகிய எதுவும் தனித்து மனநலத்தின் அளவுகோலாகாது என்று விலக்கினார். அவர் முன்வைத்த ஆறு கூறுகளில் இரண்டு ஆய்வாளருக்கு மிக வேண்டியவை: உள்ளதை உள்ளவாறு காணுதல், தன் முடிவைத் தானே எடுத்தல். இவர் நாற்காலியில் அமர்ந்து மட்டும் சிந்தித்தவர் அல்லர். வியன்னாவை அடுத்த மரியன்தாலில் ஆலை மூடப்பட்டபின் அவ்வூர் என்னவாயிற்று என்பதைச் சக ஆய்வாளர்களோடு பதிவுசெய்து 1933-இல் வெளியிட்டவர். வேலை போய் நேரம் பெருகியிருந்தும் அவ்வூர் நூலகத்தில் இரவல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். ஓர் ஊரே ஒரே சமயத்தில் மனவலிமை குன்றிப்போனதற்கு அவரவர் மனப்பான்மையைக் காரணம் காட்ட எவரும் துணியமாட்டார். ஆய்வுக்கூடத்தில் மட்டும் துணிகிறார்கள்.

இந்தியச் சட்டமும் இவ்விடத்தில் பேராசிரியர்களைவிடத் தெளிவாக இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, பணிசார், அரசியல் மதிப்பீடுகளோடு ஒருவர் ஒத்துப்போகாமையைக் கொண்டு அவருக்கு மனநோய் என முடிவுகட்டக் கூடாது என்கிறது. ஒத்துப்போகாமை நோய்க்குச் சான்று இல்லையென்றால், ஒத்துப்போதல் நலத்துக்குச் சான்று என்பது மட்டும் எங்கிருந்து வந்தது?

ஒரு மறுப்பு எழும்: மனநலத்தை ஒருவர் தாமே அறிந்துகொள்ள முடியுமா, பித்தின் உச்சத்தில் இருப்பவரும் தாம் மிக நன்றாக இருப்பதாகத்தானே சொல்வார்? உண்மை. அதனால்தான் ‘நன்றாக இருப்பதாகத் தோன்றுவது’ அடையாளமாகாது. தமிழுக்கு இது புதிய சிந்தனையும் அன்று. குறளில் மனநலம் என்னும் சொல் இடம்பெறுவது சிற்றினம் சேராமை அதிகாரத்தில். அங்கே அது இனநலத்தோடு பிணைந்தே வருகிறது. அச்சொல் அங்கே மனத்தின் செம்மையைக் குறிக்கிறதேயன்றி மருத்துவப் பொருளைத் தருவதன்று என்பது சரிதான். ஆயினும் மனத்தின் நன்மை தனியொருவரின் உள்ளுக்குள் மட்டும் முடிந்துவிடுவதில்லை என்ற அறிதல் அங்கே இருக்கிறது. ‘நீ முன்போல் இல்லை’ என்று அச்சமின்றிச் சொல்லும் நண்பர் இருவர் இருப்பதும், அவர்கள் சொன்னால் காதுகொடுக்க இயல்வதும், எந்த வினாத்தாள் தரும் மதிப்பெண்ணைவிடவும் வலுவான சான்று.

மற்ற சான்றுகள் எளியவை. எளியவை என்பதாலேயே எண்ணப்படாதவை. அத்தியாயத்தின் மீது விழும் கண்டனம் அத்தியாயத்தோடு நின்றுவிடுவது. சங்குமுகம் கடற்கரையில் ஒரு மாலை அமர்ந்திருக்கையில் இழந்த மணிநேரத்தைக் கணக்கிடாமல் இருப்பது. கருத்தரங்கில் ‘தெரியாது’ என்று சொல்லியும் இரவு தூங்க முடிவது. சினம் கொள்ள வேண்டிய இடத்தில் சினம் வருவது. துயரம் வந்தால் அது எதன்பொருட்டு என்று தெரிவது. தெரியாதபோது மருத்துவரிடம் போகத் தயங்காமை. மாத்திரை உண்பவர் நலமற்றவர் என்ற எண்ணமும் இதனோடு உடைய வேண்டும். மனநோயும் மனநலமும் ஒரே கோட்டின் இரு முனைகள் அல்ல, இரு தனிக் கோடுகள் என்று 2002 முதல் கோரி கீஸ் வாதிட்டுவந்தார். நோய் இருந்தும் செழித்து வாழ்பவர் உண்டு. நோய்ப்பெயர் ஏதும் இன்றியே வாடிக்கிடப்பவர் ஆய்வு விடுதிகளில் மிகுதி.

26 நாடுகளில் 2,279 பேரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளிவந்த ஆய்வொன்றில், முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களில் 39 விழுக்காட்டினர் மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வு வரம்பில் இருந்தனர். தாமே முன்வந்து விடையளித்தவர்களின் கணக்கு என்பதால் அதை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனால் நெறியாளரோடு நல்லுறவு இல்லாதவர்களிடையே சோர்வு மிகுந்திருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. எனவே ஆய்வு மாணவருக்கு ஆண்டுதோறும் நலவாழ்வு வினாத்தாள் கொடுக்க விரும்பும் துறைகள் அதில் மேலும் இரண்டு வினாக்களைச் சேர்க்கட்டும்: கடைசியாக உதவித்தொகை வந்த தேதி எது, நெறியாளரிடம் கடைசியாக மறுப்புச் சொன்னது எப்போது. முதல் வினாவுக்கான விடை மாணவரின் கோப்புக்குப் போகாமல் நிதி அலுவலரின் மேசைக்குப் போகட்டும்.