தவளையின் கேடயம்

தவளையைக் கண்டால் முகம் சுளிக்காத தோழியர் நம்மில் எத்தனை பேர்? ஆனால் அதன் தோலிலே அறிவியலார் மருந்து தேடி வருகின்றனர்!

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையத்தில் பணிபுரிந்த மைக்கேல் சாஸ்லாஃப் என்ற மருத்துவ அறிஞர், ஆராய்ச்சிக்காக ஆப்பிரிக்க நகத்தவளைகளின் வயிற்றைக் கீறி, தையலிட்டு, மீண்டும் தொட்டியில் விடுவது வழக்கம். தொட்டி நீரோ கிருமிகள் மலிந்தது. இருந்தும் புண்கள் சீழ் பிடிக்காமல் ஆறின! மற்றவராயின் கண்டும் காணாமல் விட்டிருப்பர். அவர் விடவில்லை. தோலை ஆராய்ந்து, 23 அமினோ அமிலங்கள் கோத்த இரு சிறு பெப்டைடுகளைப் பிரித்தெடுத்து, 1987-ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார். எபிரேய மொழியில் 'மாகேன்' என்றால் கேடயம். ஆகவே அவற்றுக்கு 'மாகைனின்' என்று பெயரிட்டார்.

பாக்டீரியாவின் மேற்சவ்வில் எதிர்மின்னூட்டம் மிகுதி, இப்பெப்டைடுகளிலோ நேர்மின்னூட்டம். எனவே ஈர்க்கப்பட்டு ஒட்டிக்கொண்டு சவ்வைத் துளைத்துவிடுகின்றன. ஓட்டைப் பானையாகிறது கிருமி! நம் உயிரணுக்களின் வெளிப்புறத்தில் அம்மின்னூட்டம் மிகக் குறைவு. அதனால் அவை பெரும்பாலும் தப்புகின்றன. பழைய மருந்துகளுக்கு அடங்காத கிருமியும் இதற்குத் தப்புவது எளிதன்று. தன் சவ்வையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இனிக் கவலையில்லை என்று எண்ணிவிடலாமா? மாகைனினைத் திருத்தியமைத்து, நீரிழிவு நோயாளரின் கால்புண்ணுக்காகப் 'பெக்சிகனான்' என்ற பூச்சு மருந்தை உருவாக்கினர். இருக்கும் மருந்தைவிட மேலானதென்று மெய்ப்பிக்கப்படாததால், 1999-இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி மறுத்தது. அது அவசரப்பட்ட தீர்ப்பு என்பார் உண்டு. மறுத்ததே முறை என்பது என் கருத்து. 2016-இல் முடிவு வெளியான பெரிய சோதனைகளிலும் அது வெற்றி பெறவில்லையே!

ஆக, புதிய மருந்து நாம் நினைத்த மாத்திரத்தில் வந்துவிடாது. கையிலிருக்கும் மருந்தையாவது காக்கிறோமா? பென்சிலினைக் கண்ட ஃபிளெமிங், போதாத அளவில் உட்கொண்டால் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று 1945-இலேயே நோபெல் உரையில் எச்சரித்தார். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று கணக்கிட்டுள்ளனர். நாமோ, பாக்டீரியாவுக்குச் சம்பந்தமே இல்லாத சளிக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறோம். காய்ச்சல் விட்டதும் நம் விருப்பப்படி நிறுத்துகிறோம். மீந்த மாத்திரைகளை அஞ்சறைப் பெட்டி போலப் பத்திரப்படுத்தி, அடுத்த வீட்டுக்கும் எடுத்துக் கொடுக்கும் அம்மாக்கள் என்மேல் கோபம் கொள்ள வேண்டாம்!