பதக்கம் போயிற்று; பாடம் நின்றது

ஓடி வெற்றி பெறும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் பரிசு எது? கேட்டவுடன் நம்மில் பலரும் பதக்கம் என்போம், கோப்பை என்போம். விளையாட்டு விழாவில் பெற்ற சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டி வைப்பதும் நம் இல்லங்களில் வழக்கம். அதை நாம் குறை கூறவில்லை. ஆயினும், பரிசு கையை விட்டுப் போன பின்பும் ஒருத்தியிடம் எஞ்சி நிற்பது எதுவோ, அதுவே அவள் மெய்யாக ஈட்டியது என்பது நம் கருத்து. இதற்குச் சான்றாக நம் தமிழ்நாட்டிலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சி ஒரு சிற்றூர். அங்கே செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த தாய் தந்தையருக்கு 1981ஆம் ஆண்டு மகளாகப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். வீட்டில் மூத்தவர், தம்பி தங்கையரைக் கவனிக்கும் பொறுப்பும் அவருடையது. அவருக்கு முதன்முதலில் ஓடக் கற்றுக் கொடுத்தவர் அவருடைய பாட்டனார். பயிற்சிக் களமாக அமைந்தது வீட்டருகே இருந்த மண் தரை. அந்த மண்ணிலிருந்து கிளம்பிய கால்கள், 2005ஆம் ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றன. 2006 டிசம்பரில் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் அதே ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடிகளில் முடித்து அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

மகிழ்ச்சி சில நாள்களே நீடித்தது. பெண்கள் போட்டியில் கலந்துகொள்ளும் தகுதியைச் சோதிப்பதாகக் கூறி நடத்தப்பட்ட பரிசோதனையின் பேரில் அவருடைய பதக்கம் பறிக்கப்பட்டது. மருத்துவரும் அவரும் மட்டுமே அறிந்திருக்க வேண்டிய செய்தி நாடெங்கும் பேச்சாயிற்று. பிறந்த நாள் முதல் பெண்ணாகவே வளர்ந்து, பெண்ணாகவே வாழ்ந்த ஒருவரைப் பார்த்து ஊர் கேட்கத் தகாத கேள்விகளைக் கேட்டது. வாழ்வே வேண்டாம் என்னும் எல்லை வரை அவர் தள்ளப்பட்டார். ஆனால் பிழைத்தெழுந்தார். பிழைத்தெழுந்தபின் அவர் செய்தது என்ன என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியது.

பதக்கம் போனாலும், அன்றைய முதல்வர் கலைஞர் மு. கருணாநிதி தலைமையிலான அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசு வழங்கியிருந்தது. கூலிக் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. வீடு கட்டலாம், நிலம் வாங்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அப்பணத்தைக் கொண்டு புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். நற்செய்தியில் நாம் படிக்கும் தாலந்து உவமையில், பெற்றதை மண்ணில் புதைத்தவனும் இருக்கிறான். பெருக்கித் தந்தவனும் இருக்கிறான். சாந்தி எந்தப் பக்கம் நின்றார் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதோடு துன்பம் முடிந்துவிடவில்லை. ஆசிய மேடையில் நின்ற அதே பெண், 2012ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 200 ரூபாய் கூலிக்குச் செங்கல் சூளையில் வேலை பார்த்தார். அச்செய்தி வெளிவந்த பின்னரே பலருக்கும் அவர் நினைவு வந்தது. 2013இல் பெங்களூரில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் சேர்ந்து படித்துத் தேறினார். பின்னர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராகப் பணியும் பெற்றார். சூளையில் கல் சுமந்த கைகள் பிள்ளைகளின் ஓட்ட நேரத்தைக் குறிக்கத் தொடங்கின. ஓட்டக்காரி ஆசிரியையானார்; ஆசிரியை அரசுப் பணியாளரானார்.

பெண்கள் போட்டியில் யார் ஓடலாம் என்பதை உலகம் இன்னும் வாதித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒடிசாவின் டூட்டி சந்த் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடி, 2015இல் அன்றைய ஹார்மோன் விதியை நிறுத்திவைக்கச் செய்தார். 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளிகளும் வென்றார். 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியுள்ளது. போட்டி நேர்மையாக நடக்க வேண்டும் என்பதில் நமக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் விதி எதுவாயினும், ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய அந்தரங்கத்தைச் சந்தைக்குக் கொண்டுவருவது எந்த நேர்மையிலும் சேராது. விதியை மாற்றி எழுதலாம். பட்ட அவமானத்தை எவர் அழித்து எழுதுவது?

போற்றப்பட்டவர்களின் வாழ்வும் இதே பாடத்தைத்தான் சொல்லுகிறது. கேரளத்துப் பய்யோலியில் வளர்ந்த பி. டி. உஷா, 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்தார். நாடு அவரைக் கொண்டாடியது. அவரும் ஓய்ந்திருக்கவில்லை, 2002இல் ஓட்டப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவருடைய மாணவி டின்டு லூகா, 2010இல் 800 மீட்டரில் தேசிய சாதனை படைத்தார். 2022இல் உஷா மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். அதே ஆண்டில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவருமானார். ஒருவரை நாடு தோளில் தூக்கியது. மற்றவரைத் தெருவில் நிறுத்தியது. ஆனால் இருவருமே வந்து சேர்ந்த இடம் ஒன்று: தமக்குப் பின்னால் வரும் பெண் பிள்ளைகள் ஓடும் திடல்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, நம் தாத்தாமார் ஏர் ஓட்டிய நிலங்களில் இன்று கார்களும் கைபேசிகளும் உருவாகின்றன. பல மாவட்டங்களிலிருந்தும் இளம் பெண்கள் இங்கே வேலைக்கு வருகிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி திறக்கப்பட்டது. அவர்களுள் எத்தனை பேர் தம் பள்ளி நாளில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர்களோ! பந்தயக் கார்கள் ஓட நம் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே இருக்கிறது. நம் பெண் பிள்ளைகள் அஞ்சாமல் ஓட எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இடத்தைவிட முதலில் வேண்டியது மனம். ஏழாம் வகுப்பு வரை மான்போல் ஓடும் சிறுமி, எட்டாம் வகுப்பில் ஏன் வகுப்பறையிலேயே அமர்ந்துவிடுகிறாள்? "வயதுக்கு வந்த பெண்ணுக்கு ஓட்டம் என்ன வேண்டியிருக்கிறது?" என்னும் சொல் வீட்டில் பிறக்கிறது. "வெயிலில் ஓடிக் கறுத்துவிட்டால் யார் கட்டுவார்?" என்பது அடுத்தது. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. நம் பக்கத்துக் காஞ்சிபுரத்துப் பெண் துளசிமதி முருகேசன், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மிண்டனில் வெள்ளி வென்றபோது, அவர் கால்நடை மருத்துவ மாணவியாகவும் இருந்தார். படிப்பும் விளையாட்டும் ஓர் உறையில் இரு வாள்கள் அல்ல.

எனவே நாம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். முதலாவது பெற்றோருக்கு: மகள் தோற்று வந்த நாளிலும் அவளுடைய காலணியை எடுத்து ஒளித்துவைக்காதீர்கள். இரண்டாவது, மரியாதைக்குரிய அருட்சகோதரியருக்கும் ஆசிரியைகளுக்கும்: பொதுத் தேர்வு வகுப்புகளிலும் விளையாட்டுப் பாடவேளை விளையாட்டுக்கே இருக்கட்டும்.

மூன்றாவது, மாணவியராகிய நமக்கு நாமே. நெடுநெடுவென வளர்ந்தவளை, குரல் கனத்தவளை, தோள் அகன்றவளை "ஆம்பளை மாதிரி" என்று கேலி பேசும் பழக்கம் நம்மிடையே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? சாந்தியை அழ வைத்த உலகம் தோகாவில் மட்டும் இல்லை; அது நம் வகுப்பறைக் கடைசி வரிசையிலும் இருக்கிறது. ஆண்டவர் தம் சாயலில் படைத்த உடலை எள்ளி நகையாட நமக்கு உரிமை இல்லை. கேலிக்கு ஆளானவள் அதைத் தனக்குள்ளேயே புதைத்து வாட வேண்டாம். தாயிடமோ ஆசிரியையிடமோ வாய்விட்டுச் சொல்லட்டும்.

ஓடத் தெரிந்த மூத்த மாணவியர் வாரத்தில் ஒரு மாலையேனும் ஆறாம் வகுப்புத் தங்கைகளைத் திடலுக்கு அழைத்துச் செல்லலாம். அதற்குப் பெரும் செலவு எதுவும் தேவையில்லை. கத்தக்குறிச்சிச் சிறுமிக்கு ஒரு பாட்டனாரும் ஒரு மண் தரையும் போதுமாயிருந்தன. பெற்ற பதக்கத்தை யாரும் திரும்பக் கேட்கலாம். ஒரு தங்கைக்குக் கற்றுக்கொடுத்த ஓட்டத்தை எந்த அதிகாரத்தாலும் திரும்பப் பெற முடியாது.