வாசகரை எண்ணுவது யார்?

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் வாசகரைக் கணக்கிட ஒரே வழிதான் இருந்தது. விற்பனையாகாமல் முகவர்களிடமிருந்து திரும்பிவரும் பிரதிக் கட்டுகளை விநியோகப் பிரிவினர் எண்ணுவர். கட்டு பெருத்தால் ஆசிரியரின் முகம் சிறுக்கும். குறைகள் பல இருந்தும் அந்தக் கணக்கு எல்லோருக்கும் விளங்கியது.

இன்று அந்த வேலையை ஒரு சேவையகம் செய்கிறது. கூகுள் நிறுவனம் தனது பழைய இணையப் பகுப்பாய்வுச் சேவையின் கணக்கெடுப்பை 2023 ஜூலையில் நிறுத்தத் தொடங்கியபோது, எமது அலுவலகம் சொந்தச் சேவையகம் ஒன்றில் மட்டோமோ என்னும் திறந்த மூல மென்பொருளை நிறுவியது. ஆசிரியபீடம், விளம்பரப் பிரிவு, விநியோகப் பிரிவு ஆகிய மூன்றுக்கும் அதுவே பொது. செலவு குறைந்தது என்று முகாமைத்துவம் மகிழ்ந்தது. நானும் மகிழ்ந்தேன்.

சில மாதங்களின் பின்னர் நடந்த கூட்டமொன்றில், வாராந்தம் வெளிவந்த மலையகப் பக்கத்தை அரைப்பக்கமாக்க வேண்டும் என்றார்கள். நுவரெலியா, பதுளைப் பகுதிகளில் இணைய வாசகர் மிகக் குறைவு என்பதே காரணம். வரைபடம் திரையில் ஒளிர்ந்தது. எண்களோடு வாதாட என்னிடம் எண்கள் இருக்கவில்லை. பக்கம் பாதியாயிற்று.

அதன் பிறகுதான் கணினிப் பிரிவிலுள்ள இளைஞர் ஒருவருடன் அமர்ந்து அந்த எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்று கேட்டறிந்தேன். கைத்தொலைபேசி வழியாக வரும் வாசகர் ஹட்டனில் இருந்தாலும், அவரது இணைய முகவரி தொலைபேசி நிறுவனத்தின் கொழும்பு முகவரியாகவே பதிவாகக்கூடும். குக்கி இல்லாமல் எண்ணும் முறையை நாம் தெரிவுசெய்திருந்தமையால், ஒரே முகவரியின் கீழ் ஒரேவகைத் தொலைபேசியில் வரும் இருவர் ஒருவராகவே எண்ணப்படலாம். லயன் வீட்டில் ஒரு தொலைபேசியை நால்வர் வாசிப்பதை எந்த இயந்திரமும் அறியாது.

நேரக் கணக்கும் பிழைத்திருந்தது. சேவையகத்தின் கடிகாரம் கிறீனிச் நேரத்தில் விடப்பட்டிருந்தது. அதன்படி எமது நாள் காலை 5.30 மணிக்கே தொடங்குகிறது. வெள்ளிக்கிழமைப் பக்கத்தை வேலைக்குப் புறப்படுமுன் ஐந்து மணிக்குத் திறந்த தொழிலாளி வியாழக்கிழமைக் கணக்கில் சேர்ந்துவிட்டார். இதைத் திருத்தினாலும் பழைய அறிக்கைகள் திருந்தமாட்டா. இனி வருபவை மட்டுமே சரியாகும். “சேர், எந்த நேரத்தை வைப்பது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லையே” என்றார் அந்த இளைஞர். அவரில் தவறில்லை. நாம் சொல்லவில்லை.

இதனிலும் பெரிய அதிர்ச்சி வேறொன்று. மூன்று பிரிவினரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினர். வாசகர்கள் முறைப்பாடு அனுப்பும் பக்கத்தை யார், எந்நேரத்தில், எந்த முகவரியிலிருந்து திறந்தார் என்பதை விளம்பரப் பிரிவிலிருந்தபடியே பார்க்க முடிந்தது. எனது சகபாடிகளை நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும் அவர்களது வாடிக்கையாளர்களுள் தோட்டக் கம்பனிகளும் உள்ளன. தோட்டத்து அநீதியை எழுதியனுப்பும் ஒருவரின் வேலையும் குடியிருப்பும் அந்தக் கம்பனியின் கையில் இருக்கின்றன. தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கமாட்டோம் என்று நாம் கொடுத்த வாக்கு, ஒரு பொதுக் கடவுச்சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியானால் பிரிவுக்கொரு சேவையகம் வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. மூவர் மூன்று கணக்கோடு கூட்டத்துக்கு வந்தால் உரத்த குரலுடையவரின் கணக்கே வெல்லும். சேவையகம் பொதுவாக இருக்கட்டும். அதன் விதிகளும் பொதுவில் எழுதப்படட்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தொழிலுக்குத் தேவையான அளவு அனுமதி. முகவரியின் இறுதிப் பகுதிகளை மறைத்துச் சேமிக்கும் வசதி அந்த மென்பொருளிலேயே உண்டு. முறைப்பாட்டுப் பக்கத்தைக் கணக்கெடுப்பிலிருந்து முற்றாக நீக்கலாம். ‘வாசகர்’ என்றால் யார், ‘நாள்’ எப்போது தொடங்குகிறது என்பவற்றை மூன்று பிரிவுத் தலைவர்களும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடலாம்.

ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தரவை அதற்கு ஒவ்வாத வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. அரசாங்கம் அதை மீறுகிறதா என்று கேட்டு எழுதும் நாம், முதலில் எமது வீட்டைப் பார்க்கவேண்டாமா?

பொதுச் சேவையகம் வீழ்ந்தால் எல்லோரும் வீழ்வர் என்பதையும் மறக்கலாகாது. 2023 இல் இலங்கை அரசின் மேகக் கணிமைச் சேவை கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டது. பிரதி எடுப்பது யார் பொறுப்பு என்பதும் அந்தத் தாளில் இருக்கவேண்டும்.

இவை கணினிக்காரரின் விடயங்கள் என்று என் வயதுப் பத்திரிகையாளர் பலர் ஒதுங்கிக்கொள்கின்றனர். நானும் அப்படித்தான் இருந்தேன். எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் என்பதை ஆசிரியபீடம் தீர்மானிக்கவேண்டுமென்றால், அந்தத் தீர்மானத்துக்கு அடிப்படையாகும் எண் எப்படி எண்ணப்படுகிறது என்பதையும் ஆசிரியபீடம் அறிந்திருக்கவேண்டும். தனிக் கடவுச்சொற்கள் வந்துவிட்டன, கடிகாரமும் திருத்தப்பட்டுவிட்டது. மலையகம் இன்னும் அரைப்பக்கம்தான். அடுத்த கூட்டத்துக்கு நான் எண்களோடு போகவிருக்கிறேன்.