லாரி அடித்துச் சாகாத காதல்கள்

"கதையில எதுக்கு மேடம் சாதி? பிள்ளைங்க பொழுதுபோக்குக்குப் படிக்கிறதுதானே?"

தஞ்சாவூரில் ஒரு கூட்டம் முடிந்ததும் ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் சொல்லாமல் வந்தது தப்பு. இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. காதல் கதை படிக்கும் பெண்பிள்ளைகளை நான் கேலி செய்யவில்லை. ரமணிச்சந்திரன் நாவல்களை லெண்டிங் லைப்ரரியில் எடுத்துப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவள்தான் நானும். இன்று அந்த இடத்தில் கைபேசி இருக்கிறது. 2014இல் பெங்களூருவில் தொடங்கிய பிரதிலிபி இருக்கிறது, வாட்பேட் இருக்கிறது. கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கல்லூரிப் பெண் அழுதுகொண்டே திரையைத் தள்ளுகிறாள் என்றால், அனேகமாக ஏதோ ஒரு கதாநாயகி காதலனை இழந்திருப்பாள். அல்லது கதாநாயகனுக்கு மனநோய் வந்திருக்கும். துக்கமும் மனநோயும் காதலும் சேர்ந்த கதைக்கு அவ்வளவு வாசகிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது தேவைப்படுகிறது. அதனால்தான் இதைப் பற்றிச் சண்டை போட வேண்டியிருக்கிறது.

நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவற்றின் கதைப்போக்கு ஒன்றுதான். நாயகனுக்குப் பங்களா, கம்பெனி, ஒரு பழைய காயம். அந்தக் காயத்தால் அவன் கத்துவான், அடைத்து வைப்பான், அடிப்பான். "ஆன்டி ஹீரோ" என்று பெயர். அவள் பொறுத்துப் பொறுத்து அவனைக் குணமாக்குவாள். யாராவது சாக வேண்டுமென்றால் கார் விபத்து, லாரி, புற்றுநோய். யாருக்கும் சாதி கிடையாது. யார் வீடும் எந்தத் தெருவில் என்று தெரியாது.

அடிக்கிறவனுக்கு மட்டும் மனசு இருக்கும் இந்தப் பழக்கம் ஆப்பில் தொடங்கியதல்ல. நம் டெல்டாவிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். நெற்கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதும் செங்கொடி பிடித்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. அந்த நாவல் பண்ணையாரின் வன்மத்துக்கு அவருடைய ஆண்மைக்குறைவில் காரணம் தேடியது. எரித்தவனுக்கு உளவியல் கிடைத்தது. எரிந்தவர்களின் பிள்ளைகள் அதற்குப் பிறகு எப்படித் தூங்கினார்கள் என்று கேட்க ஆளில்லை. இன்றைய ஆன்டி ஹீரோ அந்தப் பண்ணையாரின் பேரன்.

2004இல் வந்த 'காதல்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்துப் பிரிக்கப்பட்ட மெக்கானிக் பையன் கடைசியில் மனம் பேதலித்துத் தெருவில் நிற்கிறான். சாதிதான் அவனைப் பைத்தியமாக்கியது என்பதைப் படம் மறைக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவில் நம்மை உருக வைப்பது யாருடைய பெருந்தன்மை? அவனைச் சிகிச்சைக்கு அழைத்துப்போகும் அவளுடைய கணவனின் பெருந்தன்மை. நம் பையனுக்குக் கிடைத்தது அழுக்குச் சட்டை மட்டும்.

இப்போது கதையை விட்டு வாழ்க்கைக்கு வருவோம். நம் மாவட்டத்திலேயே நடந்தது. ஐஸ்வர்யாவுக்கு வயது 19. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர். பள்ளியில் பழகிய தலித் இளைஞரை 2023 டிசம்பர் 31 அன்று திருப்பூர்ப் பக்கம் திருமணம் செய்துகொண்டார். அந்த இளைஞருக்கும் அதே வயது. பல்லடம் போலீஸ் அவரைப் பெற்றோருடன் அனுப்பிவைத்தது. மறுநாள், 2024 ஜனவரி 3 அன்று, கொன்று எரித்துவிட்டார்கள் என்று பெற்றோர் கைதானார்கள். திருமணமாகி நான்கு நாள்கூட ஆகவில்லை.

மிச்சமிருக்கும் அந்த இளைஞரின் மனதுக்குள் புகுந்து எழுத எனக்கு உரிமையில்லை. எழுதவும் மாட்டேன். ஒரே ஒரு கேள்வி. 19 வயதில் மனைவியை இப்படி இழந்த ஒருவன் தன் துக்கத்தை அடையாளம் காண, இத்தனை ஆயிரம் தமிழ்க் காதல் கதைகளில் ஒன்றாவது இருக்கிறதா? தர்மபுரி இளவரசன் 2013இல் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். அதே ஆண்டு வந்த 'பூக்குழி' நாவலைப் பெருமாள்முருகன் அவருக்குத்தான் சமர்ப்பித்தார். இமையம் 'பெத்தவன்' எழுதினார். இலக்கியம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவை எங்கள் பிள்ளைகளின் கைபேசிக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்வது பங்களாதான்.

வந்து சேர்ந்து என்ன செய்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கல்லூரி முதலாண்டு. குடியானத்தெருப் பையன் ஒருவனுடன் மூன்று வருடப் பழக்கம். விஷயம் தெரிந்ததும் அவனைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே வருடத்தில் வந்து சொந்தத்தில் கல்யாணமும் முடித்துக்கொண்டான். இவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். காத்து கருப்பு என்றார்கள். குணசீலம் போய் வந்தார்கள். ஒரு அரசு மருத்துவமனையில் ஐந்து நிமிடம் பார்த்து மாத்திரை எழுதித் தந்தார்கள். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லையாம்.

ஆறு மாதம் கழித்து என்னிடம் கைபேசியை நீட்டினாள். ஆப்பில் அவளே ஒரு தொடர்கதை எழுதியிருந்தாள். நாயகிக்குக் கோயம்புத்தூரில் பெரிய வீடு. நாயகன் லாரி மோதிச் சாகிறான். நாயகிக்கு மனச்சோர்வு. அழகான ஒரு மனநல டாக்டர் வருகிறார், அவரே காதலிக்கிறார்.

"நம்ம தெருவ வெச்சு எழுதக்கூடாதா?" என்று கேட்டேன்.

"யாருக்கா படிப்பா?"

"சரி, அவன ஏன் சாகடிச்ச?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "உசுரோட இருந்தும் வரலன்னு எழுதுனா எனக்கு அசிங்கம்க்கா. லாரின்னா அழுவாங்க."

பேராசிரியர் அவர்களே, கதையில் எதற்குச் சாதி என்று கேட்டீர்களே, இதற்குத்தான். செத்தவனுக்காக அழ ஊர் அனுமதிக்கும். சாதி கைவிடச் சொல்லிக் கைவிட்டவனுக்காக அழ ஒரு சேரிப் பெண்ணுக்கு அனுமதி இல்லை. "உனக்கு எதுக்கு அந்தத் தெருப் பையன்?" என்று நம் ஆட்களே கேட்பார்கள். துக்கத்தோடு அவமானமும் சேர்ந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்குக் கதை லாரியைக் கொடுக்கிறது, சாதியை நகர்த்திவிடுகிறது. தன் நோய்க்குத் தானே காரணம் என்று அவள் நம்ப இவ்வளவு போதும். தனிமனித விஷயம் என்று எல்லோரும் நினைத்த தற்கொலையைச் சமூகத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி துர்க்கைம் 1897இலேயே எழுதிவிட்டார். நம் காதல் கதைகள் இன்னும் அங்கே வரவில்லை.

இரண்டாவது ஆபத்து, காதல்தான் மருந்து என்பது. அமெரிக்காவில் ஜெனிபர் நிவன் 2015இல் எழுதிய 'ஆல் த பிரைட் பிளேசஸ்' இதே வகை இளையோர் காதல் நாவல். அக்காவை இழந்த பெண்ணும் மனநோயோடு போராடும் பையனும் காதலிக்கிறார்கள். அவள் அவ்வளவு நேசித்தும் அவனைக் காப்பாற்ற முடிவதில்லை. நூலின் கடைசிப் பக்கங்களில் உதவி கேட்க எங்கே போகலாம் என்ற விவரமும் இருக்கிறது. அதுவும் விற்கிற கதைதான். விற்பனையும் பொறுப்பும் சேர்ந்திருக்க முடியும்.

நம் ஊரில் சட்டமே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 18ஆம் பிரிவில், சாதிப் பாகுபாடு இல்லாமல் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. 'சாதி' என்ற சொல் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் எந்த நேரமும் பேசலாம். இந்த எண்ணை ஒவ்வொரு சோகக் கதையின் கடைசி அத்தியாயத்திலும் போட எழுத்தாளருக்கும் ஆப்புக்கும் என்ன செலவாகிவிடும்? ஆணவக் கொலையில் தப்பிப் பிழைத்தவருக்கும், கொலை வரை போகாமல் அடித்துப் பிரிக்கப்பட்டவருக்கும், வருடக்கணக்கில் தொடரும் மனநல உதவியை அரசு வீடு தேடிப் போய்த் தர வேண்டும். வழக்கு, நிவாரணம் என்று கேட்கிற நாம் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அந்தப் பெண் தன் கதையை இன்னும் மாற்றவில்லை. மாற்று என்று நான் சொல்லவும் இல்லை. அந்த லாரி இல்லாவிட்டால் அவள் எழுதியே இருக்கமாட்டாள். இப்போது வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் பேசுகிறாள், சாப்பிடுகிறாள். சாதியை எழுதும் சுமையையும் அவள் தலையிலேயே ஏற்றாதீர்கள். பங்களாவிலிருந்து எழுதுகிறவர்கள் முதலில் உங்கள் நாயகனின் சாதியை எழுதுங்கள். அவனை எந்தத் தெருவில் எந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது பிறகு தானாகத் தெரியும்.