அவரவர் படி

இங்கிலாந்தில் சட்டம் படிக்க வருஷத்துக்கு 9,000 பவுனுக்கு மேல் சம்பளம் கட்டும் பிள்ளைகள், எந்தச் சர்வகலாசாலையில் முதல் வகுப்பு அதிகம், எங்கே மாணவர் திருப்தி அதிகம் என்று பட்டியல் பார்த்துச் சேருவதுண்டு. ஆனால், அங்கு ஒவ்வொரு சர்வகலாசாலையும் தானே கேள்வி போட்டு, தானே மார்க்கும் போட்டு, தானே பட்டமும் கொடுக்கிறது. அவரவர் படியால் அளந்த நெல்லில் யாருடையது அதிகம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறோம்.

கடைசி வருஷ மாணவர்களிடம் 2005 முதல் தேசிய விசாரணை நடக்கிறது. அதில் தெரியும் திருப்தியோ நல்ல போதனையாலும் வரலாம். தாராள மார்க்காலும் வரலாம்.

சொலிசிட்டர் ஆவதற்கு 2021-இல் பொதுப் பரீட்சை ஒன்று ஏற்பட்டது. ஆகவே, அதில் எத்தனை பேர் தேறினார்கள், கலாசாலையில் சேரும்போதே அவர்கள் எத்தகைய மாணவர்கள் என்று விசாரிப்பதே அறிவுடைமை. அச்சில் வந்துவிட்டதாலேயே எதுவும் அளவுகோல் ஆகிவிடாது.