இல்லாத காலும் வலிக்கும்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நம்ம ஆலயத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாம வர்ற ஒரு அங்கிளுக்கு இனிப்பு நீரால முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துட்டாங்க. போன மாசம் அன்னதானத்துல மெதுவா என்கிட்ட சொன்னார்: "தம்பி, எடுத்த காலோட கட்டைவிரல் ராத்திரி பூரா எரியுது. யாரோ செய்வினை வச்சிட்டாங்கன்னு வீட்டுல சொல்றாங்க. எலுமிச்சம்பழம் மந்திரிச்சுத் தருவீங்களா?"

"மனசுல போட்டுக்காதீங்க அங்கிள், சரியாயிடும்"னு சொல்லிட்டு அடுத்த இலைக்குப் போயிட்டேன். தப்பு என்னோடதுதான்.

அந்த எரிச்சல் செய்வினையும் இல்லை, வெறும் கற்பனையும் இல்லை. நம்ம மூளையில உடம்பு முழுசுக்கும் ஒரு வரைபடம் இருக்கு. காலை எடுத்தாலும் அந்த வரைபடத்துல காலுக்குள்ள இடம் அப்படியே இருக்கும். அறுபட்ட நரம்பு தாறுமாறா செய்தி அனுப்பும்போது, கால்ல இருந்துதான் வருதுன்னு மூளை எடுத்துக்கும். கால் பொய், வலி நிஜம்.

இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் நம்ம தமிழர், டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1990களில் அவர் கையாண்டது ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி! கை இழந்தவர் முன்னால் அதை நிறுத்தினார். நல்ல கையின் பிம்பம், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் தெரிந்தது. நல்ல கையை விரித்தால் இல்லாத கையும் விரிவது போல இருந்தது. சிலருக்கு இறுக்கமும் வலியும் குறைந்தன. பிறகு காலுக்கும் இதைப் பயன்படுத்தினார்கள். எல்லாருக்கும் பலன் தராது. ஆனா மருந்து உட்பட வேற வழிகளும் இருக்கு.

ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயத்துக்குப் போயிருப்பீங்க. அங்க சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டு. உள்ளே நின்னா சின்ன இடமும் எல்லை இல்லாத மாதிரி தெரியும். கண் கொண்டு வர்றது வெளிச்சம்தான். என்ன பார்க்கிறோம்னு முடிவு பண்றது மூளை. வலியும் அப்படித்தான்.

"சாமி கும்பிடுறவன் இப்படிப் பேசலாமா?"ன்னு சிலர் கேட்பீங்க. திருநீறு வேணாம்னு நான் சொல்லலையே! பயமும் தனிமையும் இந்த வலியைக் கூட்டும். அம்பாள் சந்நிதியில கிடைக்கிற நிம்மதி உண்மையிலேயே உதவும். ஆனா "யாரோ வச்சிட்டாங்க"ன்னு சொன்னா அந்தப் பயத்தைத்தான் வளர்க்கிறோம். சிகிச்சையும் தள்ளிப்போகுது.

2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் நம்ம இந்தியர்கள்தான் அதிகம். நம்ம பிரசாதத்துலயும் சர்க்கரைப் பொங்கலைக் குறைச்சு சுண்டலைக் கூட்டலாமே?

அடுத்த வெள்ளி அங்கிள் பக்கத்துல உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "பைத்தியம்னு நினைப்பாங்களோன்னு டாக்டர்கிட்ட சொல்லவே இல்லப்பா" என்றார். இந்த வாரம் அவரை கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன்.

உங்க வீட்டுலயும் இப்படி யாராச்சும் வாய்விட்டுச் சொல்லாம இருக்கலாம். முதல்ல நம்புங்க. அப்புறம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

ஓம் சக்தி. 🙏